ஆட்டிசம் உள்ள மாணவர் கல்லூரிக்குத் தயாராவது எப்படி? ஒரு வருடம் முன்பே தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியில் நன்றாகப் படித்த ஆட்டிச மாணவர்கள் பலர் கல்லூரியின் முதல் செமஸ்டரில் திணறிப்போகிறார்கள். பெரும்பாலும் பாடம் கடினம் என்பதால் அல்ல. காலையில் எழுப்ப ஆள் இல்லை, வகுப்பறை மாறியதைச் சொல்ல ஆள் இல்லை, அடுத்த மாதம் கொடுக்க வேண்டிய அசைன்மென்டை நினைவூட்ட ஆள் இல்லை. பள்ளிக் காலத்தில் இதையெல்லாம் வீட்டில் ஒருவரோ, அக்கறையுள்ள ஓர் ஆசிரியரோ சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டார்கள். கல்லூரி தொடங்கும் அன்று அத்தனை ஆதரவும் ஒரே நேரத்தில் விலகிவிடுகிறது.

அந்த ஆதரவு எவை எவை என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே மாற்று ஏற்பாடு செய்வதுதான் தயாரிப்பு. பள்ளியின் கடைசி வருடம் தொடங்கும்போதே ஆரம்பித்தால் அவசரப்படாமல் செய்யலாம். இதை மாணவரிடம் பேசுவதுபோலவே எழுதியிருக்கிறேன். பெற்றோருக்கான வார்த்தைகள் இடையில் வரும்.

படி 1: உங்களுக்காக மற்றவர்கள் செய்வதைப் பட்டியல் போடுங்கள்

ஒரு வாரம் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, உங்கள் நாளில் வேறு யாரோ செய்துதரும் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுப்பிவிடுவது, சாப்பிடக் கூப்பிடுவது, மாத்திரையை எடுத்துக் கையில் தருவது, துணி துவைப்பது, டாக்டருக்குப் போன் செய்வது, விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வது, நீங்கள் பதற்றமாவதை உங்களுக்கு முன்பே கவனித்து 'கொஞ்சம் வெளியே போய் வா' என்று சொல்வது. கடைசியில் சொன்னதை எழுத மறந்துவிடுவோம், ஆனால் அதுதான் பட்டியலில் மிக முக்கியமானது.

பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு முடிவு எழுதுங்கள்: இதை நானே செய்யக் கற்றுக்கொள்வேன், இதை ஓர் அலாரமோ செயலியோ பார்த்துக்கொள்ளும், அல்லது இதற்கு வேறொரு மனிதரின் உதவி தொடரும். மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. தினமும் இரவு வீட்டிலிருந்து ஒரு போன் வந்து, நாளைய அட்டவணையை ஐந்து நிமிடம் சேர்ந்து பார்ப்பதால் ஒரு பட்டப்படிப்பு முடிகிறது என்றால், அந்தப் போன் தொடரட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் கைமாற்றுங்கள். அது பழகிய பிறகு அடுத்தது. பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: மாற்று ஏற்பாடு நிற்கிறதா என்று பார்த்த பிறகே கையை எடுங்கள். அதேபோல, பிள்ளை வீட்டில் இருக்கும்போதே சின்னத் தவறுகள் நடக்க இடம் கொடுங்கள். அலாரம் அடித்தும் எழாமல் ஒரு நாள் தாமதமாகப் போவது இப்போது நடந்தால், எந்த அலாரம் வேலை செய்யவில்லை என்று சேர்ந்து யோசிக்கலாம்.

படி 2: கல்லூரியையும் படிப்பையும் அன்றாடத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

தரவரிசை முக்கியம்தான். ஆனால் நீங்கள் அங்கே செலவிடப்போவது சில ஆயிரம் மணி நேரம். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? வருகைப்பதிவு எவ்வளவு கட்டாயம்? வகுப்புகள் ஒரே கட்டடத்திலா, வளாகம் முழுக்கவா? இரண்டு வகுப்புகளுக்கு நடுவே உட்கார அமைதியான இடம் உண்டா? மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு என்று தனி அலுவலகமோ, குறைந்தபட்சம் பொறுப்பான ஓர் ஆசிரியரோ இருக்கிறாரா? இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். விடுமுறை நாளில் போகாதீர்கள். இடைவேளையில், கூட்டம் நெரியும் நேரத்தில் போய்ப் பத்து நிமிடம் கேன்டீனில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் உடம்பு சொல்லும் பதில் எந்தக் கையேட்டிலும் இருக்காது.

படிப்பைப் பொறுத்தவரை ஆர்வத்தை நம்பலாம். ஆட்டிச மனம் கவனத்தைப் பல திசையில் பரப்பாமல் ஒன்றிரண்டில் ஆழமாகக் குவிக்கிறது என்று டைனா மர்ரே, மைக் லெசர், வென் லாசன் மூவரும் 2005-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். அந்த ஆழம் பாடத்தோடு சேர்ந்துவிட்டால் பெரிய பலம். ஆனால் பாடத்திட்டத்தை வரிவரியாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வீடியோ கேம் பிடிக்கும் என்று கணினி அறிவியலில் சேர்ந்தால் தொடக்கத்தில் கணிதம்தான் நிறைய இருக்கும். குழு புராஜெக்ட் எத்தனை, வாய்மொழித் தேர்வு உண்டா, கல்லூரிக்கு வெளியே போய்ச் செய்யும் பயிற்சி கட்டாயமா, லேபில் கடுமையான வாசனையோ சத்தமோ இருக்குமா என்பதையும் அந்தத் துறையின் சீனியர் ஒருவரிடம் கேளுங்கள்.

விடுதியா வீடா என்பதில் என் கருத்து தெளிவானது. புதிய கல்லூரி, புதிய வீடு, புதிய சாப்பாடு, புதிய அறைத்தோழர் எல்லாம் ஒரே வாரத்தில் வேண்டாம். முடிந்தால் முதல் வருடம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ போய்வாருங்கள். முடியாவிட்டால் தனி அறை கேளுங்கள். தனி அறையை ஒரு வசதியாகக் கோரும் உரிமை பல இடங்களில் உண்டு. மருத்துவ அறிக்கையில் அதற்கான காரணம் எழுதப்பட்டிருந்தால் கோரிக்கைக்கு வலு கூடும்.

படி 3: அறிக்கைகளைத் தயார் செய்து, வசதிகளைக் கேளுங்கள்

பள்ளியில் பெரும்பாலும் ஆசிரியர்களும் பெற்றோரும் பேசி ஏற்பாடு செய்துவிடுவார்கள். கல்லூரியில் பொதுவாக நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காதவரை உங்களுக்கு ஆட்டிசம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இது தயவு கேட்பதாக நினைக்கத் தேவையில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2006-ல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு கல்வியைப் பற்றியது. உயர்கல்வியிலும் பாகுபாடு கூடாது, நியாயமான மாற்றங்கள் செய்துதர வேண்டும் என்று அது சொல்கிறது. உலகின் மிகப் பெரும்பாலான நாடுகள் அதில் இணைந்திருக்கின்றன. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இதற்கான விதி என்ன என்பதைப் படித்து, பிரிவு எண்ணோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மருத்துவ அறிக்கை. சிறுவயதில் எடுத்த பழைய அறிக்கை போதாமல் போகலாம். சிலருடையதில் 'அஸ்பெர்ஜர்' என்று மட்டும் இருக்கும். பேச்சு வளர்ச்சியில் தாமதம் இல்லாதவர்களுக்கு முன்பு தந்த தனிப் பெயர் அது. நோயறிதலுக்கான அளவுகோல்களைத் தரும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013-ல் வந்தபோது அது 'ஆட்டிச ஸ்பெக்ட்ரம்' என்ற ஒரே பெயருக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே புதிய மதிப்பீடு ஒன்று எடுப்பது நல்லது. காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கலாம், அதனால் இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன் தொடங்க வேண்டும். 'ஆட்டிசம் உள்ளது' என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், 'இரைச்சலான அறையில் எழுதும் வேகம் குறைகிறது, அதனால் தனி அறை தேவை' என்பதுபோல, சிரமத்தையும் தீர்வையும் இணைத்து எழுதித்தரும்படி மதிப்பிடுபவரிடம் கேளுங்கள். கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகம் தேடுவது அந்த இணைப்பைத்தான்.

அடுத்து, எதைக் கேட்பது? உங்கள் பள்ளி அனுபவத்திலிருந்து தொடங்குங்கள். வழக்கமாகக் கேட்கப்படுபவை இவை:

- தேர்வில் கூடுதல் நேரம், சிறிய அமைதியான அறை
- வகுப்பைப் பதிவு செய்ய அனுமதி, அல்லது குறிப்புகளை முன்பே பெறுதல்
- வாய்மொழியாகச் சொல்லும் மாற்றங்களை எழுத்திலும் தருதல்
- தேவைப்படும்போது வகுப்பைவிட்டுச் சில நிமிடம் வெளியே போய்வர அனுமதி
- மேடையில் பேசுவதற்குப் பதில் ஆசிரியர் முன் மட்டும் பேசுதல்
- ஒரு செமஸ்டரில் குறைவான பாடங்கள்

கேட்கும் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி இருக்கலாம்:

'மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, நான் இந்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறேன். எனக்கு ஆட்டிசம் உள்ளது. பாடத்தைப் பின்தொடர முடிகிறது. ஆனால் இரைச்சலான இடத்தில் எழுதுவதும், வாய்மொழியாக மட்டும் சொல்லப்படும் தகவல்களை நினைவில் வைப்பதும் எனக்குக் கடினம். தேர்வுக்குத் தனி அறையும், அறிவிப்புகள் எழுத்து வடிவிலும் கிடைத்தால் உதவியாக இருக்கும். மருத்துவ அறிக்கையை இணைத்துள்ளேன். நேரில் பேச ஒரு நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

பதில் வந்ததும், பேசி முடிவானதை மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதி அனுப்பிவிடுங்கள். வாயால் கொடுத்த வாக்குறுதிகள் ஆசிரியர் மாறும்போது காணாமல் போகும்.

யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவு. அலுவலகத்துக்குச் சொல்வது வேறு, வகுப்புக்கே சொல்வது வேறு. ஒருமுறை சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. அதனால் நண்பர்கள் விஷயத்தில் நிதானமாகவே இருங்கள். ஆனால் அலுவலகத்துக்கு மட்டும் சேர்ந்த உடனேயே சொல்லிவிடுங்கள். இப்போது தேவையில்லை என்று தோன்றினாலும் சரி. நடந்து முடிந்த தேர்வுக்குப் பின்னோக்கி வசதி கிடைப்பது அரிது. கையில் அனுமதி இருந்து பயன்படுத்தாமல் விடுவதால் எதையும் இழக்கப்போவதில்லை.

படி 4: புலன்களுக்கான ஏற்பாடு

ஒலி, ஒளி, தொடுதல், வாசனை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று டிஎஸ்எம்-5 அதிகாரபூர்வமாகவே சேர்த்தது. ஆகவே டியூப் லைட்டின் ரீங்காரம் தலைவலி தருகிறது என்றால் அது பிடிவாதம் அல்ல.

கல்லூரி வளாகத்தை உங்களுக்கான வரைபடமாக மாற்றுங்கள். நூலகத்தின் எந்த மூலை அமைதி, எந்தக் கழிப்பறையில் கூட்டம் குறைவு, எந்தப் படிக்கட்டு நெரிசல் இல்லாதது, மதிய நேரத்தில் எந்த வகுப்பறை காலியாக இருக்கும் என்று குறியுங்கள். ஒதுங்க மூன்று இடங்களாவது வேண்டும், ஏனென்றால் ஒன்று பூட்டியிருக்கும், இன்னொன்றில் யாராவது இருப்பார்கள். பையில் இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன் அல்லது காதடைப்பான், தொப்பி அல்லது நிறக் கண்ணாடி, கையில் உருட்ட ஏதாவது, தண்ணீர், கண்டிப்பாக உங்களுக்கு ஒத்துப்போகும் ஒரு தின்பண்டம் ஆகியவை எப்போதும் இருக்கட்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பலருக்குப் பசி, தாகம், சிறுநீர் உந்துதல், களைப்பு போன்ற உடலின் உள் அறிகுறிகள் தாமதமாகவே தெரியும். வேலையில் மூழ்கி மாலைவரை சாப்பிடாமல் இருந்துவிட்டு, ஏன் எரிச்சல் வருகிறது என்று புரியாமல் தவிப்பார்கள். இதற்கு அலாரம் வையுங்கள். பசி எடுத்தால் சாப்பிடலாம் என்று காத்திருக்காமல் மணி அடித்தால் சாப்பிடுங்கள்.

படி 5: நேரத்தையும் வேலையையும் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். திட்டமிடுவது, தொடங்குவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆகிய மூன்றும் ஆட்டிச மூளைக்குத் தனித்தனிச் சிரமங்கள். 'இன்னும் முயற்சி செய்' என்ற அறிவுரையால் இவை சரியாகாது.

முதலில் ஒரே ஒரு காலண்டர். போனிலா தாளிலா என்பது உங்கள் விருப்பம், இரண்டும் வேண்டாம். பாட விவரம் கையில் வந்த அன்றே எல்லாத் தேதிகளையும் அதில் ஏற்றிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கெடுவிலிருந்தும் பின்னோக்கி வாருங்கள். கட்டுரை 30-ஆம் தேதி என்றால் முழு வடிவம் 27-ல், முதல் வரைவு 22-ல், குறிப்பு எடுப்பது 15-ல், தலைப்பை ஆசிரியரிடம் உறுதி செய்வது 8-ல். காலண்டரில் வெறுமனே 'கட்டுரை' என்று எழுதினால் மனம் அதைப் பார்த்து உறைந்துவிடும். எழுதும் வரி ஒரு செயலாக இருக்கட்டும்: 'கோப்பைத் திறந்து தலைப்பைத் தட்டச்சு செய்.' இவ்வளவு சின்னதா என்று தோன்றும் அளவுக்குச் சின்னதாக இருந்தால்தான் தொடங்கவே முடியும்.

தொடங்க முடியாமல் உட்கார்ந்திருப்பது சோம்பல் இல்லை. பக்கத்தில் இன்னொருவர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தால் பலருக்கு அந்தப் பூட்டு திறக்கிறது. பேச வேண்டியதில்லை. வீடியோ அழைப்பில் ஒரு நண்பர் படித்துக்கொண்டிருந்தால்கூடப் போதும். மாறுவதற்கும் நேரம் ஒதுக்குங்கள். ஒரு வகுப்பு முடிந்து அடுத்ததற்குப் போக நடக்கும் நேரம் ஏழு நிமிடம் என்றால், காலண்டரில் பதினைந்து நிமிடம் போடுங்கள்.

அசைன்மென்ட் கேள்வி தெளிவில்லாமல் இருந்தால் ஊகிக்காதீர்கள். 'விமர்சனப் பார்வையோடு அலசுக' என்று மட்டும் இருந்தால் எதைச் செய்வது என்று தெரியாமல் போவது இயல்பே. எத்தனை பக்கம், என்னென்ன பகுதிகள், சென்ற ஆண்டு நல்ல மதிப்பெண் பெற்ற மாதிரி ஒன்று கிடைக்குமா என்று எழுதிக் கேளுங்கள். அதேபோல எங்கே நிறுத்துவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். பத்து மதிப்பெண் வேலைக்கு ஒரு வாரத் தூக்கத்தைக் கொடுத்துவிட்டு, நாற்பது மதிப்பெண் வேலையைக் கோட்டைவிடும் மாணவர்கள் உண்டு. 'இந்த வேலைக்கு நான்கு மணி நேரம், அதோடு சரி' என்று தொடங்குமுன் எழுதி வையுங்கள்.

வாரத்தில் ஒருநாள், ஒரே நேரத்தில், யாராவது ஒருவரோடு காலண்டரைப் பார்ப்பது இந்த முழு ஏற்பாட்டின் அச்சாணி. அது அக்காவாக இருக்கலாம், வழிகாட்டி ஆசிரியராக இருக்கலாம். இந்த ஒன்றை மட்டும் கைவிடாதீர்கள்.

படி 6: வீட்டு வேலை, மருந்து, பணம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணி துவைப்பது, எளிய சாப்பாடு ஒன்றிரண்டு செய்வது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது ஆகியவற்றை ஒவ்வொரு அடியும் எழுதிய பட்டியலாக, படத்தோடு வைத்துக்கொண்டு வீட்டிலேயே பழகுங்கள். சாப்பாட்டு வகைகள் குறைவு என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்லூரி அருகே அவை எங்கே கிடைக்கும் என்று முன்பே தெரிந்துவைத்தால் போதும். மருந்து எடுப்பவர்கள் வாரப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள், தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே நினைவூட்டல் வரட்டும். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. தூக்கம் கெட்டால் வலிப்பு தூண்டப்படலாம் என்பதால், அந்தப் பிரச்சினை உள்ளவர்கள் தேர்வுக்காகக்கூட இரவு கண்விழிக்கக் கூடாது. அப்புறம், முதலுதவி என்ன என்று அறைத்தோழருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

படி 7: மனிதர்கள்

ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்றே பல காலம் சொல்லிவந்தார்கள். தாமே ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் இதற்கு ஒரு மாற்றுப் பார்வையை முன்வைத்தார்: புரியாமை இரு பக்கமும்தான், மற்றவர்களுக்கும் ஆட்டிச மனிதரைப் புரிவதில்லை. இது உங்களுக்கு நடைமுறையில் உதவும். ஒரு உரையாடல் தடுமாறினால் முழுப் பழியும் உங்கள்மேல் விழ வேண்டியதில்லை.

நட்பைக் கூட்டத்தில் தேடாதீர்கள், ஆர்வத்தில் தேடுங்கள். செஸ், நிரலாக்கம், பறவை நோக்குதல், நூலகக் குழு எதுவானாலும், கையில் ஒரு வேலை இருக்கும் இடத்தில் பேச்சு தானாக வரும். ஆட்டிசம் உள்ள வேறு மாணவர்கள் வளாகத்தில் இருந்தால் தேடிச் சந்தியுங்கள். அந்த நிம்மதி வேறு மாதிரி. குழு புராஜெக்டில் முதல் கூட்டத்திலேயே யார், எதை, என்றைக்குள் செய்வது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். குழுவில் உள்ள எல்லோருக்குமே அது நல்லது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்துவிட்டு, முக்கியமானதை மட்டும் தனியாகச் சொல்ல நம்பகமான ஒருவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

மற்றவர்களைப் போலவே தெரிய வேண்டும் என்று நாள் முழுக்க முகபாவத்தையும் கையசைவையும் அடக்கிக்கொண்டிருப்பது மிகவும் களைப்பூட்டும். அது மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் தொடர்புள்ளது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாளில் சில மணி நேரமாவது அப்படி நடிக்கத் தேவையில்லாத இடத்தில் இருங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். சொன்னதை அப்படியே நம்பும் மனதைச் சிலர் பயன்படுத்திக்கொள்வார்கள். பணம், கடவுச்சொல், கையெழுத்து, தனியாக வரச்சொல்வது ஆகிய நான்கில் எதை யார் கேட்டாலும் ஒரே பதில்: 'யோசித்து நாளைக்குச் சொல்கிறேன்.' அதைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பிறகு உங்கள் நம்பிக்கைக்குரியவரிடம் கேளுங்கள். ராகிங்கோ கேலியோ நடந்தால் தேதி, நேரம், சாட்சி எழுதி வைத்துப் புகார் கொடுங்கள். காதல், நெருக்கம் என்று வரும்போது தெளிவான சம்மதம் இரு பக்கமும் வேண்டும். மௌனம் சம்மதம் ஆகாது. அது உங்களுக்கும் பொருந்தும், எதிரே உள்ளவருக்கும் பொருந்தும்.

படி 8: கடினமான நாளுக்கான ஒரு பக்கத் திட்டம்

புலன்களும் மனமும் தாங்காமல் வெடிப்பது ஒரு வகை, பேச்சே நின்று உறைந்துபோவது இன்னொரு வகை. உங்களுக்கு எது வரும், அதற்கு முன் என்ன அறிகுறி தெரியும், எது உதவும், எது கெடுக்கும், யாரை அழைப்பது என்று அமைதியான ஒரு நாளில் ஒரு பக்கம் எழுதுங்கள். பேச முடியாதபோது காட்ட ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள்: 'எனக்கு ஆட்டிசம் உள்ளது. இப்போது பேச முடியவில்லை. தொடாதீர்கள். அமைதியான இடத்துக்குப் போக உதவுங்கள்.'

மெதுவாக வரும் ஆபத்து வேறு. வழக்கமாகச் செய்துவந்தவையே முடியாமல்போவது, ஒலியும் ஒளியும் முன்பைவிடத் தாங்காமல்போவது, பிடித்த விஷயத்திலும் ஆர்வம் வராதது எல்லாம் வாரக்கணக்கில் நீடித்தால் சுமையைக் குறைக்க வேண்டும் என்று பொருள். இன்னும் ஒழுங்காகத் திட்டமிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து ஓடாதீர்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றே ஒரு மனிதரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். பெற்றோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும், பயந்து பேசாமல் இருக்கக் கூடாது.

படி 9: முதல் நாளுக்கு முன்பும் முதல் செமஸ்டருக்குப் பின்பும்

வகுப்பு தொடங்கும் முன் வளாகத்துக்குச் சில முறை போய்வாருங்கள். நிஜ நேரத்தில், நிஜப் பேருந்திலோ வண்டியிலோ. அட்டவணைப்படி ஒவ்வொரு அறைக்கும் நடந்து, வாசலைப் படம் எடுங்கள். பேருந்து வராவிட்டால், அறை பூட்டியிருந்தால், ஆசிரியர் வராவிட்டால் என்ன செய்வேன் என்று ஒவ்வொரு வரி எழுதிப் பர்ஸில் வையுங்கள். முதல் சில வாரங்களில் புதிதாக வேறெதையும் சேர்க்காதீர்கள். பகுதிநேர வேலை, புதிய மருந்து மாற்றம், கூடுதல் பாடம் எல்லாம் காத்திருக்கட்டும்.

செமஸ்டர் முடிந்ததும் படி 1-ன் பட்டியலை எடுத்து உட்காருங்கள். எந்த மாற்று ஏற்பாடு நின்றது, எது விழுந்தது, கேட்ட வசதிகளில் எது உண்மையில் உதவியது, கேட்காமல் விட்டது எது என்று பாருங்கள். அதன்படி அலுவலகத்துக்குப் புதிய கடிதம் எழுதுங்கள். ஒரு பாடத்தைக் கைவிடுவது, பாடங்களைக் குறைத்துப் படிப்பை ஒரு வருடம் நீட்டுவது, ஒரு செமஸ்டர் விடுப்பு எடுப்பது, துறை மாறுவது ஆகியவற்றுக்குக் கல்லூரியில் விதியும் கடைசித் தேதியும் இருக்கும். அந்தத் தேதிகளையும் முதல் வாரத்திலேயே காலண்டரில் ஏற்றிவிடுங்கள். தேவைப்படும்போது தேடினால் பெரும்பாலும் அவை கடந்துபோயிருக்கும்.